போகிக்குத் தப்பிய கோல யந்திரம்

மார்கழிக் கடைசியில் செங்கற்பட்டுக்குப் போகிற உத்தேசம் உங்களுக்கு இருந்தால், என் அக்கா வீட்டுப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். போகிக்கு முந்தின நாள் அவள் கையில் துடைப்பம் ஏறிவிடும். பரணில் உள்ளது, கட்டிலுக்கு அடியில் உள்ளது, பீரோவின் தலைமேல் உள்ளது எல்லாம் கூடத்துக்கு வந்து சேரும். விருந்தாளி சும்மா நின்றால் அவரையும் தூசி தட்டி ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒதுக்கப்பட்டு நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்தச் சண்டை ஆரம்பித்தது. கிழிந்த பாய், ஓட்டை முறம், காலொடிந்த ஸ்டூல் எல்லாம் குவிந்திருந்தன. குவியலின் உச்சியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியும், செத்துப்போன ஒரு டி.வி.டி. பிளேயரும் இருந்தன. அத்தான் ஒரு காலத்தில் ஆசை ஆசையாக வாங்கியவை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கும் அக்கா மகள் அந்த இரண்டையும் இரு கைகளாலும் கட்டிக்கொண்டு நகர மாட்டேனென்று உட்கார்ந்திருந்தாள்.

"விடுடி! ஐந்து வருஷமாகப் பரணை அடைத்துக்கொண்டு கிடக்கிறது."

"இதை எரிச்சா விஷப் புகை வரும் அம்மா!"

"நான் எங்கே எரிக்கப் போகிறேன்? காயலான் கடையில் போடப் போகிறேன்."

"அங்கேயிருந்து எங்கே போகும்னு உனக்குத் தெரியுமா?"

அக்காவுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்று தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் உலகம் முழுவதும் தூக்கியெறியப்பட்ட மின்சாதனக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்துப் பிரித்ததாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்குதான். மிச்சத்தில் ஒரு பகுதி எங்கேயோ ஒரு குடிசைக்குப் பின்னால், தாமிரத்துக்காக ஒயர்களைக் கொளுத்துகிறவர்களிடம் போகிறது. ஈயமும் இன்னும் பல விஷங்களும் அந்தப் புகையில், அந்தச் சாம்பலில் இருக்கின்றன. நம் நாட்டில் இதற்குச் சட்ட விதிகள் உண்டு. 2012-ல் முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள். சாமானைச் செய்து விற்கிற கம்பெனிதான் அதன் கடைசிக் காலத்துக்கும் பொறுப்பு என்று அவை சொல்கின்றன. ஆனால் வாசலில் தராசோடு நிற்பவரிடம் சாமானைக் கொடுத்துக் காசை எண்ணி வாங்குகிற நேரத்தில் நம்மில் யார் விதியை நினைக்கிறோம்?

கடைசியில் அத்தான் நடுவில் புகுந்து, பொங்கல் கழிந்து ஒரு மாதம் தவணை வாங்கிக் கொடுத்தார். பெண் தன் பொக்கிஷத்தை மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். அந்த ஒரு மாதம் எப்படி ஆறு மாதமாயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

திருகாணிக்குள் ஒரு தச்சன்

அடுத்த தடவை நான் போனபோது அவள் டி.வி.டி. டிரைவைப் பிரித்துப் பரப்பியிருந்தாள். "சித்தி, இதைப் பாரேன்" என்று சிறிய ஒன்றைக் காட்டினாள். கட்டைவிரல் நுனியளவு ஒரு மோட்டார். அதன் அச்சே ஒரு திருகாணி. திருகாணியின் மேல் ஒரு சின்ன வண்டி. தட்டைப் படிக்கிற லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துவதுதான் அதன் உத்தியோகம்.

இந்த மோட்டார் நம் மின்விசிறி மோட்டாரைப் போல விர்ரென்று சுழலாது. கல்யாணப் பெண் மாதிரி ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கும். அதனாலேயே அதற்கு ஸ்டெப்பர் மோட்டார் என்று பெயர். பெரும்பாலான டிரைவ்களில் ஒரு முழுச் சுற்றுக்கு 20 அடி. ஒரு சுற்று முடிந்தால் வண்டி 3 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓர் அடிக்கு 0.15 மில்லிமீட்டர். நம் தலைமயிர் இரண்டைச் சேர்த்து வைத்த கனம்! இவ்வளவு நுட்பமாக நகரும் ஒரு கருவியைப் புதிதாகச் செய்யச் சொன்னால் எந்தப் பட்டறைக்காரரும் பெரிய தொகை கேட்பார். நாம் அதைக் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவள் போட்ட திட்டம் சிக்கலானதல்ல. ஒரு டிரைவின் வண்டி இடவலமாகப் போகும். அதற்குக் குறுக்காக நிறுத்திய இன்னொரு டிரைவின் வண்டி முன்பின்னாகப் போகும். ஒன்றில் காகிதம், மற்றொன்றில் பேனா. இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் எந்தக் கோட்டையும் வரையலாம். 'எக்ஸ் 10, ஒய் 20-க்குப் போ' என்று கம்ப்யூட்டர் சொல்லும், போகும். பெரிய தொழிற்சாலைகளில் இரும்பைக் கடைகிற யந்திரங்களும் இதே பாஷையில்தான் கட்டளை பெறுகின்றன என்று அவள் சொன்னபோது, மாடிப்படிக்கு அடியிலிருந்த அந்தக் குப்பைமேட்டைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

கட்டளையை மோட்டாருக்குப் புரிய வைக்க ஒரு சின்னப் பலகை வேண்டும். ஆர்டுயினோ என்று பெயர். இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில், மாணவர்கள் மலிவாக வாங்கிப் பழகட்டும் என்று 2005-ல் செய்தது. அந்த ஊர் மதுக்கடை ஒன்றின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்! அதில் ஏற்றுகிற கட்டளை நிரலை நார்வேக்காரர் ஒருவர் 2009-ல் எழுதி உலகத்துக்கு இலவசமாக விட்டிருக்கிறார். ஆக, அவள் கடையில் காசு கொடுத்து வாங்கியது பலகை, மோட்டாரை ஓட்டும் இரண்டு சில்லுகள், கொஞ்சம் ஒயர், ஒரு ரீபில். ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. மின்சாரத்துக்குப் பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளைப் பெட்டியே இருந்தது. 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் அதிலிருந்தே வரும்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படித்துவிட்டுப் பரணில் ஏறக்கூடும். அந்தப் பவர் சப்ளைப் பெட்டியின் மூடியைத் திறக்க விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருந்து ஆளை உதறித் தள்ளும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர்களே போதும். ஈயப் பற்று வைக்கிற வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றுத் தட்டில் கை வைக்கக் கூடாது.

அக்கா சொன்ன யோசனை

யந்திரம் ஓடியது. ஆனால் வரைவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரு கோடு முடிந்து அடுத்த கோட்டுக்குப் போகும்போது பேனாவைத் தூக்க வேண்டும் அல்லவா? அதற்கு மூன்றாவதாக ஒரு மோட்டார் வேண்டும். அது அவளிடம் இல்லை. பேனா தூக்கப்படாமலே இழுபட்டு, வீடு வரையச் சொன்னால் சிலந்திக்கூடு வரைந்தது. ஒரு வாரம் இப்படி. பிறகு பெண் சோர்ந்துபோய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா தோசைக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "கையை எடுக்காமல் போடணும், அவ்வளவுதானே? சிக்குக் கோலம் போடச் சொல்லேன். எங்கே ஆரம்பித்தேனோ அங்கேயே வந்து முடியும். நடுவில் நான் கையை எடுக்கிறேனா?"

பெண் அம்மாவை அண்ணாந்து பார்த்த பார்வையை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது.

அன்று ராத்திரி அடுக்களைத் தரையில் அக்கா சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வைத்து இழுத்துக் காட்ட, பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிக்கொண்டாள். எந்தப் புள்ளியில் இடது பக்கம் சுற்றுகிறது, எங்கே தன்னைத் தானே வெட்டிக்கொண்டு போகிறது என்று அக்காவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் யந்திரம் 'ஙீ...ங்' என்று ராகம் இழுத்துக்கொண்டு, பேனாவை ஒரு தடவைகூடத் தூக்காமல் ஒரு முழுச் சிக்குக் கோலத்தைப் போட்டு முடித்தது. நாலு சென்டிமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர். தபால் தலையைவிடச் சற்றுப் பெரிது. டிரைவின் வண்டி அதற்கு மேல் போகாது.

"இதற்குத்தானா ஆறு மாசம்? நான் வாசலில் இரண்டு நிமிஷத்தில் போடுவேன்" என்றாள் அக்கா. ஆனால் அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பூஜை அறைக் கதவில் ஒட்டியவளும் அவள்தான்.

இந்த விஷயத்தில் நம் செங்கற்பட்டு மாவட்டத்துக்கே ஒரு பழைய பெருமை உண்டு. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. அவரும், கணித மேதையான அவர் மனைவி ராணி சிரோமணியும், கமலா கிரிதிவாசனும் சேர்ந்து கோலத்தைக் கம்ப்யூட்டருக்குரிய இலக்கணமாக எழுத முடியும் என்று காட்டி 1974-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். வீடுகளில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே கேட்டிராத காலம்! சில சிறு விதிகளைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் பெரிய கோலம் விரியும் என்பது அதன் சாரம். நம் பாட்டிமார்கள் அறிந்தே இருந்தார்கள். பேராசிரியர்கள் அதைக் கணித பாஷையில் எழுதி உலகத்தின் முன் வைத்தார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சுவர்க் காலண்டரில் ஒரு கறுப்புப் புள்ளி

எல்லாம் சுகமாகவே நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை.

தட்டில் எழுதக்கூடிய டி.வி.டி. டிரைவ்களுக்குள் சிவப்பு லேசர் ஒன்று இருக்கிறது. பெட்டி மூடியிருக்கிற வரையில் அது பரம சாது. வெளியே எடுத்து மின்சாரம் கொடுத்தால் காகிதத்தைக் கருக்கும். மரத்தில் எழுத்துப் பொறிக்கும். பேனா இருந்த இடத்தில் அதை வைத்தால் தோழிகளின் பெயரையெல்லாம் மரத்துண்டில் பொறிக்கலாம் என்று பெண்ணுக்கு ஆசை. ஒரு மத்தியானம், அக்கா கடைக்குப் போயிருந்தபோது, கண்ணாடிகூடப் போடாமல் ஒரு நிமிஷம் ஏற்றிப் பார்த்துவிட்டாள்.

அக்கா திரும்பி வந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவர்க் காலண்டர்தான். அதில் ஒரு கறுப்புப் புள்ளி. மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டரில் முருகனின் வேலுக்குப் பக்கத்தில் அது எப்படி வந்தது? கேட்டாள். பெண் மறைக்கவில்லை, சொல்லிவிட்டாள்.

லேசரின் கொடுமை என்னவென்றால், அது கண்ணின் உள்திரையைச் சுட்டால் வலி தெரியாது. பளபளப்பான ஒரு ஸ்பூனில் பட்டுத் தெறித்தாலும் போதும். சுட்ட இடம் மறுபடி வளராது. இதையெல்லாம் பெண் முன்பே படித்திருந்தாள். ஆனால் ஒரு நிமிஷம்தானே என்று நினைத்துவிட்டாள். அன்று மாலை கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிகிற வரையில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்த அரை மணி நேரம் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்றார். திரும்பி வரும்போது கொளவாய் ஏரிக்கரைப் பக்கம் ஆட்டோ வந்ததும்தான் அக்கா வாயைத் திறந்தாள்.

"யந்திரத்தைத் தூக்கிப் போடு என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்கிறாயா?"

பெண் பேசவில்லை.

"சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிவப்பு விளக்கு இந்த வீட்டில் இருக்கக் கூடாது."

அந்த லேசர் அன்றே கழற்றப்பட்டு அத்தானின் பீரோவுக்குள் பூட்டப்பட்டது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அக்கா தீர்ப்புச் சொன்ன விதம் மிக நியாயமானது. ஆபத்து எது, ஆபத்தில்லாதது எது என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகத் தடுத்திருந்தால் அந்தப் பெண் இனிமேல் வீட்டுக்குத் தெரியாமல்தான் எதையும் செய்திருப்பாள்.

முறுக்கு நாழியும் பொம்மைத் தவளையும்

லேசர் போயிற்று, பெண்ணின் மனம் அடுத்ததற்குத் தாவிற்று. மூன்றாவது டிரைவ் ஒன்றை நிமிர்த்தி வைத்தால் மேலும் கீழும் நகரலாம். பேனாவுக்குப் பதிலாகச் சூடான ஒரு மூக்கு. அதிலிருந்து உருகிய பிளாஸ்டிக் இழை. இதுதான் இப்போது எல்லோரும் பேசுகிற த்ரீ-டி பிரிண்டர், அதாவது முப்பரிமாண அச்சு யந்திரம்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முறுக்கு நாழி பிழியத் தெரிந்தவர்களுக்கு இது புதிதே அல்ல. முறுக்கை ஒரே ஒரு சுற்றாகப் பிழிந்து நிறுத்திவிடுகிறோம். இந்த யந்திரம் ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று, அதன் மேல் அடுத்தது என்று 0.2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கிக்கொண்டே போகும். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 50 அடுக்கு. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021-ல் திறந்த ஒரு வீட்டையும் இப்படித்தான், பிளாஸ்டிக்குக்குப் பதிலாகக் கான்கிரீட்டைப் பிழிந்து கட்டினார்கள்.

இந்த வித்தையின் பிறப்பும் ஒரு வீட்டில்தான். 1988-ல் அமெரிக்காவில் ஸ்காட் கிரம்ப் என்ற எஞ்சினியர் தம் சின்ன மகளுக்கு ஒரு பொம்மைத் தவளை செய்து கொடுக்க நினைத்தார். பசை உருக்கும் துப்பாக்கியில் பிளாஸ்டிக்கையும் மெழுகையும் கலந்து போட்டு, அடுக்கடுக்காகப் பிழிந்து பார்த்தார். தவளை வந்தது. பிறகு மனைவி லிசாவோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார். 1992-ல் காப்புரிமையும் கிடைத்தது. அதற்கப்புறம் யந்திரம் பெரிய கம்பெனிகளின் சொத்தாகிவிட்டது. அந்தக் காப்புரிமை 2009-ல் காலாவதியான பிறகுதான் விலை மளமளவென்று சரிந்தது.

அதற்குள்ளேயே இங்கிலாந்தில் பாத் சர்வகலாசாலையில் ஏட்ரியன் பௌயர் என்ற ஆசிரியர் ஒரு விபரீத யோசனை செய்திருந்தார். யந்திரமே தன் பாகங்களை அச்சடித்துக் குட்டி போட்டால் என்ன? 2005-ல் ஆரம்பித்தார். 2008-ல் முதல் யந்திரம் தன் பிளாஸ்டிக் பாகங்களைத் தானே வார்த்துக் கொடுக்க, அவற்றைக் கொண்டு குட்டி யந்திரம் பூட்டப்பட்டது. வரைபடங்களையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

எடுத்துக்கொண்டவர்களில் என் மனத்தைக் கவர்ந்தவர் ஆப்பிரிக்காக்காரர் ஒருவர். டோகோ தேசத்தின் தலைநகர் லோமே. அங்கே கோஜோ அஃபாத்தே ஞிக்கூ என்ற இளைஞர் 2013-ல் குப்பையில் போட்ட கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்கேனர் முதலியவற்றைப் பிரித்து, ஏறக்குறைய 100 டாலர் செலவில் ஒரு முப்பரிமாண அச்சு யந்திரத்தைப் பூட்டிவிட்டார். பணக்கார நாடுகள் தள்ளிவிட்ட பழைய சாமான்கள் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் வந்து குவிவது உலகம் அறிந்த சமாசாரம். அந்தக் குவியலிலிருந்தே, அந்தப் பணக்கார நாடுகள் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்த யந்திரத்தை இவர் எடுத்துக் காட்டினார். என்ன சாமர்த்தியம்!

நம் நாட்டிலும் இந்த வழியில் முன்னே போனவர்கள் உண்டு. மகாராஷ்டிரத்தில் பூனாவுக்குப் பக்கத்தில் பாபல் என்ற வறண்ட கிராமத்தில் டாக்டர் கல்பாக் என்ற விஞ்ஞானி 1983-ல் விஞ்ஞான ஆசிரமம் ஒன்றை ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தை நடுவில் விட்ட பிள்ளைகளுக்குக் கைவேலையின் மூலமாகவே கல்வி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலை, எதையும் செய்து பார்க்கக்கூடிய சிறு பட்டறைகளை உலகெங்கும் பரப்ப நினைத்தபோது, தன் வளாகத்துக்கு வெளியே முதலாவதை 2002-ல் அந்தப் பாபலில்தான் வைத்தது.

அக்கா மகளின் கதைக்கு வருகிறேன். குப்பையில் எல்லாமே கிடைத்துவிடாது. சூடான மூக்கு, அதன் உஷ்ணத்தை அளக்கிற உணரி, பிளாஸ்டிக் இழை இவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. டி.வி.டி. மோட்டாருக்கு இழையைத் தள்ளுகிற பலமில்லை. அதற்குச் சற்றுப் பெரிய மோட்டார் ஒன்று வேண்டியிருந்தது. மூக்கின் சூடு 200 டிகிரி. உணரி கழன்று விழுந்தால் சூடு ஏறிக்கொண்டே போய்த் தீப்பிடிக்கலாம். ஆகவே, யந்திரம் ஓடுகிறபோது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பது அக்காவின் இரண்டாவது சட்டம்.

முதல் வார்ப்பு ஒரு சின்னக் கனசதுரம். அது கனசதுரமாக வரவில்லை. விரியோலைக் குப்பை மாதிரி வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூக்கிலிருந்து இழை வரும்போது பட் பட்டென்று ஒரு சத்தம். இழை ஈரம் குடித்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. சோளத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ எடுக்கிற ஒரு பிளாஸ்டிக் அது. நம் கடற்கரைப் பிரதேசத்துக் காற்றில் அப்பளம் நமுத்துப்போவது போலவே நமுத்துப்போகிறது. அக்கா சும்மா இருப்பாளா? இறுக மூடுகிற அப்பள டப்பாவையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். புது மருந்துப் பாட்டில்களில் ஈரம் உறிஞ்சப் போட்டிருப்பார்களே, அந்தச் சிறு பொட்டலங்களைச் சேர்த்து அதில் போட்டார்கள். மூன்றாவது கனசதுரம் மூலைகள் சற்று மழுங்கினாலும் கனசதுரமாகவே வந்தது.

அதற்கப்புறம் மின்விசிறி ரெகுலேட்டரில் உடைந்திருந்த குமிழ் ஒன்றைச் செய்து பொருத்தினாள். நாலு வருஷமாகக் குறடு வைத்துத் திருப்பிக்கொண்டிருந்த குமிழ் அது! ஆனால் எல்லாவற்றையும் இதில் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கினால் இளகிவிடும். குக்கர் கைப்பிடிக்கு ஆகாது. வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்தால் வளைந்துவிடும்.

"இருபதாயிரம் ரூபாய் சுமாருக்கு நல்ல யந்திரமே கடையில் கிடைக்கிறதாமே, எதற்கு இந்தப் பாடு?" என்று அத்தானின் நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி சரிதான். கடை யந்திரம் இதைவிட அழகாக, இதைவிட வேகமாக வார்க்கும். ஆனால் அது நின்றுபோனால் அந்த நண்பர் மெக்கானிக்கைத் தேடுவார். இந்தப் பெண் திருப்புளியைத் தேடுவாள். அந்த இருபதாயிரம் அவளிடம் இருந்ததில்லை என்பதையும் நண்பர் மறந்துவிட்டார்.

கல்லில் கழிப்பது, இழையில் கூட்டுவது

யந்திரத்தில் உருவங்கள் செய்ய ஆசைப்பட்டவளை, உருவங்கள் செய்தே வாழ்கிற ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர் சுமார். பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும்போது அக்கா வழக்கம்போல மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அங்கே உச்சி வேளைக்குக் கழுகுகள் வருவது நின்று எத்தனையோ வருஷமாயிற்று.

ஐந்து ரதங்களுக்கு முன்னால் பெண் வெகுநேரம் நின்றாள். ஒவ்வொன்றும் ஒரே பாறை. உச்சியில் ஆரம்பித்துக் கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதனால்தான் முடிக்காமல் விட்டவற்றில் மேல்பாகம் நேர்த்தியாகவும் அடிபாகம் கரடாகவும் இருக்கிறது. சற்றுத் தள்ளியிருக்கும் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் பார்த்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும். முடியாமல் நின்ற குகைகளில் பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நடுக்கல்லை உடைத்தெடுத்த சுவடும் இருக்கிறது. "சித்தி, இவங்களும் எக்ஸ், ஒய் போட்டிருக்காங்க!" என்றாள் பெண்.

அவள் யந்திரம் கீழிருந்து மேலே கூட்டிக்கொண்டு போகிறது. பல்லவச் சிற்பி மேலிருந்து கீழே கழித்துக்கொண்டு வந்தான். தப்பு செய்தால் அவள் இழையை உருவிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். அவன் என்ன செய்வான்? நான் முன்னே சொன்ன கிஃப்ட் சிரோமணிக்கு இந்தக் கல்லிலும் மோகம் இருந்திருக்கிறது. கோலக் கட்டுரை வெளிவந்த அதே 1974-ல் அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து எழுதிய மகாபலிபுர ஆராய்ச்சி நூலும் வெளிவந்தது.

சாலையோரம் வரிசையாக இருக்கும் சிற்பப் பட்டறைகளில் ஒன்றில் நுழைந்தோம். 1957-ல் இந்த ஊரில் அரசாங்கம் சிற்பப் பயிற்சி நிலையம் ஆரம்பித்ததிலிருந்து வெளியூர்ப் பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். 2017-ல் மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. உளிச் சத்தத்தைவிட இப்போது மின்சாரக் கட்டரின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. வெள்ளைத் தூசி எங்கும் பறக்கிறது. நெஞ்சுக்கு ஆகாத தூசி அது.

பெரியவர் ஒருவர் நந்தி ஒன்றின் முகத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தார். பெண் தன் பையிலிருந்து கோலக் காகிதத்தையும், தான் வார்த்த ஒரு குட்டி யானையையும் எடுத்துக் காட்டினாள். அவர் யானையைக் கையில் வாங்கி, அடுக்கடுக்கான வரிகளை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"யந்திரம் வந்தால் உங்கள் வேலை போய்விடுமோ என்று பயமில்லையா ஐயா?" என்று நான் கேட்டேன். பத்திரிகைக்காரி கேட்கிற கேள்வி!

"இது என்னங்கம்மா?" என்று பக்கத்தில் கிடந்த கட்டரைக் காட்டினார். "இதுவும் யந்திரந்தான். இது வந்தப்பவும் இதையேதான் கேட்டாங்க." பிறகு என்னை விட்டுவிட்டுப் பெண்ணின் பக்கம் திரும்பினார். யானை அவர் மனத்தை இழுக்கவில்லை. கோலக் காகிதம்தான் இழுத்தது. "ஏம்மா, உன் பெட்டி எழுத்துப் போடுமா? அடிக்கல்லு, பேர்ப் பலகைன்னு கேட்டு வராங்க. கல்லுல வெட்டறதுக்கு முன்னால காகிதத்துல எழுத்தை அளவா எழுதி ஒட்டணும். என் கண்ணு முன்ன மாதிரி இல்லை."

பெண்ணின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "போடும் தாத்தா. ஆனா நாலு சென்டிமீட்டர்தான்."

"நாலு சென்டிமீட்டர்ல என்னம்மா அடிக்கல்லு?" என்று சிரித்தார் அவர். "பெரிசா பண்ணிக்கிட்டு வா, பார்ப்போம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். பழைய இங்க்ஜெட் பிரிண்டரில் மை வண்டி ஓடுகிற உருக்குக் கம்பியும் பல் வாரும் இருக்கின்றன. காகிதத்தின் முழு அகலத்துக்கும் போகும். ஸ்கேனர் ஒன்று கிடைத்தால் அதன் நீளத்துக்கும் போகலாம். உள்ளே ஸ்டெப்பர் மோட்டாரும் உண்டு. பிரிண்டர் ஒன்று எதிர்வீட்டுப் பரணில் இருக்கிறது. ஸ்கேனர்தான் இல்லை.

மறுநாள் காலை நான் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருவில் "பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக்!" என்று குரல் கேட்டது. அக்கா கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். சைக்கிளை நிறுத்திய காயலான் கடைக்காரர் தராசை இறக்கப் போனார்.

"போடுவதற்கு ஒன்றுமில்லை, அப்பா. ஸ்கேனர் என்று ஒன்று, தட்டையாக, கண்ணாடி வைத்து இருக்கும். எங்கேயாவது வந்தால் உடைக்காமல் எடுத்து வை. எடைக்கு என்ன விலையோ, அதற்கு மேல் பத்து ரூபாய் சேர்த்துத் தருகிறேன்."